கிழிசலுக்கு ஒரு காரணம் வேண்டும்: உலக முடிவுக் குறும்படத்துக்கு உடை தைத்த அனுபவம்

பாலாற்று மணலில் எடுக்கப்போகும் ஒரு குறும்படத்துக்கு உடை தைத்துத் தர வேண்டும் என்று காட்பாடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். ஊர் அழிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை. மழை பொய்த்து, ஆறு வறண்டு, மின்சாரமும் அரசும் இல்லாமல் போன வட ஆற்காடு. மூன்றே பாத்திரங்கள்: பாழுங்கிணறுகளில் இறங்கி ஊற்றுத் தேடும் ஒரு பெண், அவளுடைய எட்டு வயது மகள், இன்னும் வற்றாத ஒரு கைபம்பைத் தன் வசம் வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

இயக்குகிற தம்பி நிறையப் படங்களை வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். "எல்லாவற்றையும் கிழித்து, பழுப்புச் சாயத்தில் முக்கி, தோளில் நாலு ஆணி வைத்துவிட்டால் போதும் அக்கா" என்றார்.

"ஆணியை யார் அடித்தது தம்பி? கிணற்றில் இறங்குகிறவள் தோளில் கயிறு ஓடுமே, ஆணி இருந்தால் கயிறு அறுந்துவிடாதா?" என்று கேட்டேன். அவர் உடனே குறிப்பேட்டை எடுத்தார். அப்போதே இந்த வேலையைச் செய்யலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் ஆம்பூரில் ஷூ தயாரிக்கும் கூடம் ஒன்றில் சாம்பிள் பிரிவில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக்கொண்டிருந்தவள். இப்போது வேலூரில் சொந்தத் தையல் கடை. நாடகங்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் உடை தைத்துப் பழக்கம் உண்டு. துணியைப் பழசாக்குவது பெரிய வித்தை இல்லை. உப்புத்தாளும் ப்ளீச்சிங் பவுடரும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். யார் கையால், எந்த வேலையால், எத்தனை காலத்தில் அது பழசானது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி பழசாக்குவதுதான் கடினம். அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் போட்டேன். துணி எந்த வீட்டிலிருந்து கிடைத்தது, முதலில் எந்த இடம் தேயும், கிழிந்தபோது ஊசி பிடித்தது யார், நூலுக்கு என்ன செய்தார்கள், கடைசியாக எப்போது துவைத்தார்கள். தண்ணீர் இல்லாத உலகத்தில் அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

தம்பிகள் வைத்திருந்த படங்களில் பாதி 'மேட் மேக்ஸ்' என்ற ஆஸ்திரேலியத் திரைப்பட வரிசையைச் சேர்ந்தவை. அவர்கள் பார்த்தது தோலும் கொம்பும் ஆணியும். நான் காட்டியது வேறு. 1979-ல் வந்த முதல் படத்தில் கதாநாயகனின் முழங்காலில் குண்டு பாய்கிறது, கையின் மேல் மோட்டார் சைக்கிள் ஏறுகிறது. 1981-ல் வந்த இரண்டாம் படத்துக்கு உடை வடிவமைத்தவர் நார்மா மோரிசோ. அதில் அவன் காலில் ஓர் இரும்புத் தாங்கி இருக்கிறது, தோல் ஜாக்கெட்டில் ஒரு கை இல்லை. யாரும் நின்று விளக்குவதில்லை. முதல் படத்தில் பட்ட காயம் இரண்டாம் படத்தில் உடையாக நடந்து வருகிறது. இன்னொரு செய்தியையும் சொன்னேன், அவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று: முதல் படத்தில் பணம் போதாமல் கதாநாயகனுக்கு அசல் தோலும் மற்ற போலீஸ்காரர்களாக நடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வினைலும்தான் கொடுத்தார்கள்.

அதே வரிசையில் 2015-ல் வந்த 'ஃபியூரி ரோடு' படத்துக்காக ஜென்னி பீவன் 2016-ல் ஆஸ்கர் விருது பெற்றார். அந்தப் படத்தின் கவசங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கண் நின்றது அதில் வரும் கொடுங்கோலனின் மனைவிகள் உடுத்தியிருக்கும் மெல்லிய வெள்ளைத் துணியில். ஒரு வாய் தண்ணீருக்கு ஜனங்கள் முட்டி மோதும் பாலைவனத்தில் வெள்ளைத் துணி! அவர்களைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறான் என்பதை அந்த வெள்ளை சொல்லிவிடுகிறது.

மூன்றாவதாக, 2006-ல் வந்த 'சில்ரன் ஆஃப் மென்'. உடை வடிவமைப்பு ஜேனி டெமிம். கதை நடப்பது 2027-ல். அதன் நாயகன் 2012 லண்டன் ஒலிம்பிக் என்று எழுதிய பழைய ஸ்வெட்ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிகிறான். படம் வந்தபோது அந்த ஒலிம்பிக் நடந்திருக்கவே இல்லை. பார்ப்பவருக்கு எதிர்காலமாக இருந்த ஒன்று அவனுக்கு வெளிறிப்போன கடந்த காலம். பிற்பகுதியில் ஷூ போய் ரப்பர் செருப்போடு உயிருக்கு ஓடுகிறான். காலில் இருப்பதைப் பார்த்தே நமக்கு வயிறு கலங்குகிறது.

இதற்குப் பிறகு ஆணிப் பேச்சு எழவில்லை.

இந்த மாவட்டம் எதை மிச்சம் வைக்கும்

தண்ணீர் போன கதையை எங்கள் ஊரில் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் அது ஒன்று. எனவே வேறு நாட்டுப் பாலைவனத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை இந்த ஆற்றங்கரையில் எது கிடக்குமோ அதைத்தான் இந்த மூவரும் உடுத்த வேண்டும்.

உலக முடிவு என்றாலே பழுப்பு நிறம் என்று சினிமா பழக்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பருத்தி மட்கும், கறையான் தின்னும், பூஞ்சை பிடிக்கும். இரும்புப் பெட்டிக்குள் ஈரம் படாமல் இருந்தால்தான் பிழைக்கும். பாலியெஸ்டர் அப்படியே கிடக்கும். நாற்பது ஆண்டு கழித்து நம் வீடுகளை யாராவது திறந்தால் ரோஜா நிறத்திலும் கிளிப்பச்சையிலும் சின்தடிக் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும். சிமெண்டுச் சாக்கை எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் அது வெயிலில் கிடந்தால் கைபட்டதும் பொடியாக உதிர்ந்துவிடும், அதனால் அதை ஒதுக்கினேன். நிழலில் கிடந்த ஃபிளெக்ஸ் பேனர் இருக்கும். குடியாத்தத்தில் நெய்த லுங்கி, நல்ல பெட்டியில் இருந்தால், இருக்கும். ஆம்பூர் ஷூ அப்பர்கள் மூட்டை மூட்டையாக இருக்கும். பிறகு எக்ஸ்ரே படங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து நிற்கும் ஊர் இது. வேலூரில் எந்த வீட்டுப் பீரோவின் மேலும் பழுப்பு உறைக்குள் ஓர் எக்ஸ்ரே கிடக்கும்.

கிணறு இறங்குபவளின் சட்டை

முழுத்தோல் உடுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் தோல் ஜாக்கெட் போட்டு அலைகிறவள் மறுநாள் உயிரோடு இருக்க மாட்டாள். உடம்பை மூடும் தளர்ந்த முழுக்கைச் சட்டை, குடியாத்தம் லுங்கியில், கருநீலக் கட்டம். தோல், உடம்பு எங்கே கேட்கிறதோ அங்கே மட்டும்: கயிறு ஓடும் இடது தோள், இரண்டு உள்ளங்கை, கிணற்றுச் சுவரில் உரசும் முழங்கால்கள்.

லுங்கித் துணியைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் அந்தக் கட்டங்கள். கட்டம் போட்ட துணியில் ஒட்டுப் போட்டால் தைத்தவரின் மனசு வெளியே தெரிந்துவிடும். இந்தச் சட்டையில் இரண்டு ஒட்டுகள் வைத்தேன். முதலாவது வலது முழங்கையில். கோட்டோடு கோடு பொருந்தும்படி துண்டை வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத பொடி ஹெம்மிங். நான்கு பக்கமும் ஓர் இழைகூட விலகாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டு இருப்பதே தெரியாது, அருகில் வந்தால்தான் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்திருப்பது தெரியும். அது அவளுடைய அம்மா உயிரோடு இருந்தபோது தைத்தது. உட்கார நிழலும், கண்ணுக்கு வெளிச்சமும், மகள் மேல் பிரியமும் இருந்த ஒருத்தியின் கை.

இரண்டாவது, விலாப்பக்கம். கட்டங்கள் எதோடும் எதுவும் பொருந்தாது. துண்டின் விளிம்பு மடிக்காமல் பிசிர் நிற்கும். தூண்டில் நரம்பால் நீள நீளமாக இழுத்த தையல், அங்கங்கே துணி சுருங்கி முடிச்சாகியிருக்கும். இதை நான் தைத்தால் சரிவராது என்று தெரியும். இத்தனை வருடம் ஊசி பிடித்த கை எவ்வளவு அலங்கோலமாகத் தைத்தாலும் இடைவெளி ஒரே சீராக வந்துவிடும். அதனால் நடிக்கிற பெண்ணையே கூப்பிட்டு, சட்டையைக் கழற்றாமல், மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்தபடி ஒற்றைக் கையால் தைக்கச் சொன்னேன். அவர் பல்லால் நரம்பை இழுத்து, வியர்த்து வழிந்து தைத்து முடித்தார். அம்மா போன பிறகு அவளே போட்டுக்கொண்ட ஒட்டு அது. படத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வசனம் இருந்தது. சட்டையைப் பார்த்த பிறகு தம்பி அதை அடித்துவிட்டார்.

வெயிலில் வெளிறச் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் துணியைக் கொடியில் போட்டுவிடுகிறார்கள். கொடியில் காய்ந்தால் கயிற்றின் தடம்தான் வெளிறும். மனிதர் உடுத்தி வெளிறிய துணியில் தோள் மேடு, முதுகின் மேல்பாதி, மேற்கையின் வெளிப்பக்கம் இவைதாம் வெளுத்திருக்கும். அக்குள், காலரின் அடி, உள்மடிப்பு எல்லாம் பழைய நிறத்திலேயே இருக்கும். சட்டையைத் தையல் பொம்மைக்கு மாட்டி, கைகளை வேலை செய்யும் நிலையில் வளைத்துக் கட்டி, மாடியில் நிறுத்தினேன். அவசரத்துக்கு, நீர்த்த ப்ளீச்சிங் கரைசலைத் தெளிப்பானில் ஊற்றி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுமோ அந்தப் பக்கத்திலிருந்தே, மேலிருந்து சாரலாக அடித்தேன். பருத்திக்குத்தான் இது. பாலியெஸ்டர் அசைந்துகொடுக்காது. நிறம் போதுமென்றதும் நிறைய நீரில் அலசி, புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஹைப்போ உப்புக் கரைசலில் ஒருமுறை முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ளீச் உள்ளேயே தங்கித் துணியை அரித்துக்கொண்டே இருக்கும்.

வியர்வைக்குக் கல்லுப்பு. இனிக் கரையாது என்கிற அளவுக்கு வெந்நீரில் உப்பைக் கரைத்து, முதுகிலும் அக்குளிலும் தெளித்துக் காயவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அகலமாக மறுபடி தெளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரம் நின்ற எல்லையில் ஒரு வெள்ளைக் கோடு படியும். கோட்டுக்குள் கோடாக வரும் அந்தத் தடம் கருநீலத் துணியில் பளிச்சென்று தெரிகிறது. துவைக்கவே முடியாதவளின் முதுகு அது.

தோளில் ஒரு தோல் துண்டு

தோலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. கடையில் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் வாங்கலாம், ஆனால் அதில் எந்தத் தோல் எது என்று பிரித்தாக வேண்டும். பெரும்பாலானது குரோம், அதாவது குரோமிய உப்பு, போட்டுப் பதனிட்டது. மிருதுவானது, வெட்டு முனையில் உள்ளே சாம்பல் கலந்த நீலம் தெரியும். மற்றது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய முறைத் தோல். வெட்டிய இடம் வெளிர்மஞ்சளாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மூக்கருகில் கொண்டுபோனால் மரப்பட்டை வாசனை வரும். எனக்குத் தேவை இரண்டாவது வகை, ஏனென்றால் அதில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும்.

ஒரு லிட்டர் காடியில் (வினிகர்) கைப்பிடித் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தேன். உள்ளே வாயு உண்டாகும், இறுக்கி மூடினால் சீசா வெடிக்கும். வடிகட்டிய கரைசலைத் தோலில் பஞ்சால் ஒற்றியதும் கண் முன்னாலேயே சாம்பல், பிறகு கருநீலம், பிறகு கறுப்பு என்று ஏறுகிறது. சாயம் மேலே பூசிய மாதிரி இருக்காது, உள்ளிருந்து கறுத்த மாதிரி இருக்கும். கைபம்பின் துருவும் கிணற்றுச் சங்கிலியும் பட்டுப் பட்டுக் கறுத்த தோளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பருத்தியிலும் இதே வேலை நடக்கும். நூறு கிராம் துணிக்கு இருபது கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு அன்னபேதி என்ற இரும்பு உப்பின் நீர்த்த கரைசலைத் தொட்டால் இரும்பு நிறச் சாம்பல் வரும். இரண்டும் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். இரும்புச் சத்து நாளடைவில் பருத்தியை நொய்ந்துபோகச் செய்யும் என்பதால், இழுபடும் தையல்களின் மேல் இதைத் தொடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காடிக் கரைசலையும் ப்ளீச்சையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். நான் ப்ளீச் வேலை முழுவதையும் முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் காடிச் சீசாவை எடுத்தேன். குரோம் தோலை நெருப்பில் வாட்டிப் பழசாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைச் செய்யவே கூடாது. சூட்டில் அந்தக் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம். பாலாற்றங்கரையில் பிறந்த நாம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கறுத்த துண்டின் மேல் கயிற்றின் தடம் வேண்டும். தேங்காய்நார்க் கயிறு ஒன்றை நனைத்து, ஆற்று மணலில் புரட்டி, மரக்கட்டைக்கு மேல் வைத்த தோலின் குறுக்கே இருவர் இரு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தின் நடுவே தோல் பளபளவென்று மின்னியது, இரு கரையிலும் மயிர்போல் பிசிர் எழும்பி நின்றது. எந்தப் பக்கமாக அவள் கயிறு இழுக்கிறாள் என்பதுகூட அந்தப் பிசிர் சாய்ந்திருக்கும் திசையில் தெரியும். இதைப் பெயிண்டில் வரைந்து யாரும் கொண்டுவர முடியாது.

மார்பில், சட்டைக்குள், அவள் அம்மாவின் எக்ஸ்ரே. தெரிந்த குடும்பத்தில் கேட்டு வாங்கிய பழைய படத்தில் பெயரும் எண்ணும் இருந்த ஓரத்தை முதலில் வெட்டி எரித்துவிட்டேன். எலும்புகள் தெரியும் நடுப்பகுதியை உள்ளங்கை அளவு வெட்டி, முனைகளை வட்டமாக்கி, சட்டையின் முன்பக்கத்தில் ஜன்னல்போல் ஒரு துவாரம் விட்டு, உள்ளே தைத்தேன். ஊசித்துளைகள் நெருக்கமாக விழுந்தால் கிழிந்துவிடும் என்பதால் ஓரத்தில் ஐலெட் வளையம் அடித்து நூல் கோத்தேன். சாதாரணமாகக் கறுப்புத் துண்டு. அவள் சட்டையைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடிக்கும் ஒரு காட்சியில் மட்டும் விலா எலும்புகள் தெரியும். மற்றொரு படத்தை ப்ளீச் கரைசலில் போட்டேன். கறுப்பு முழுவதும் கரைந்து, லேசான நீலத்தில் தெளிந்த தகடு கிடைத்தது, அது சிறுமிக்குக் கண்காப்பு ஆயிற்று.

ஷூ

ஆம்பூரில் வேலை செய்த யாருக்கும் இது தெரியும்: பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூவைப் பெட்டியைவிட்டு எடுக்காமலே சில ஆண்டு வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்தில் சோல் சிதைந்து ஒரு நாள் பிஸ்கட்போல் உதிர்ந்துவிடும். மேலே அப்பர் புதிது மாதிரியே இருக்கும். ஆகவே நாற்பது ஆண்டு கழித்து இந்த ஊரில் சோல் இல்லாத அழகான அப்பர்கள்தான் எஞ்சும். அதற்கு அடியில் நம் கிராமத்து டயர் செருப்பின் அடிப்பாகம். பழைய ஸ்கூட்டர் டயரைச் சோப்புத் தண்ணீர் தடவித் தடவிக் கத்தியால் அறுத்தேன். கம்பி ஓடும் ரேடியல் டயரை எடுத்தால் கத்தி போய்விடும். ஒட்டுகிற சொல்யூஷன் தடவவில்லை, அந்த உலகத்தில் சொல்யூஷன் ஏது? டயரின் ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டு, பட்டைத் தோலால் கோத்துக் கட்டினேன். வெளிநாட்டு ஜென்டில்மேன் ஒருவருக்காகத் தைத்த மெல்லிய அப்பர் மேலே, ஸ்கூட்டர் டயரின் கோடுகள் கீழே. மணலில் அவள் நடந்தால் காலடித் தடத்தில் டயர் தடம் விழுகிறது. ஒளிப்பதிவு செய்த பையன் அதை மட்டும் தனி ஷாட்டாக எடுத்துக்கொண்டார்.

சிறுமியின் பாவாடை

நம் அம்மாக்கள் வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைத்தால் கீழே மூன்று நான்கு டக், அதாவது மடிப்புத் தையல், பிடித்து வைப்பார்கள், வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட. இந்தச் சிறுமியின் வயதை அதிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பச்சைப் பருத்தித் துணியில் பாவாடை தைத்து, மூன்று டக் பிடித்து, வெளிறச் செய்தேன். கொஞ்சம் வெளிறியதும் கீழ் டக்கைப் பிரித்தேன். மடிப்புக்குள் இருந்த பட்டை ஆழ்ந்த பச்சையாக இருந்தது. மறுபடி வெளிறச் செய்து அடுத்த டக், பிறகு மூன்றாவது. கடைசியில் பாவாடையின் கீழ்ப்பாதியில் மூன்று பச்சைப் பட்டைகள், மேலிருந்து கீழே ஒன்றைவிட ஒன்று மங்கலாக. பிரித்த தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும், அவற்றை அழிக்காமல் விட்டேன். மூன்று வருடம் இந்தக் குழந்தையை யாரோ சாகவிடாமல் வளர்த்திருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டைகளில் இருக்கிறது. இனிப் பிரிக்க டக் இல்லை என்பதும் இருக்கிறது. பார்க்க வந்த தையல்காரப் பெண்கள் அத்தனை பேரும் கேட்காமலே அதைப் புரிந்துகொண்டார்கள்.

மேலே போர்த்திக்கொள்ள ஃபிளெக்ஸ். வெயிலில் கிடந்த பேனரில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், கடைசிவரை நிற்பது நீலம். வெளிறச் செய்ய நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, குடிசைக் கூரையில் கிடந்த ஒரு காதணி விழாப் பேனரைப் புதுத் தார்ப்பாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். முகங்களை ஒதுக்கி, கூப்பிய இரண்டு கைகள் மட்டும் முதுகில் வரும்படி வெட்டினேன். அந்தக் குழந்தைக்கு எழுத்தும் தெரியாது, விழாவும் தெரியாது. அவள் நம்மைவிட்டு விலகி நடக்கும்போது நீல நிறத்தில் இரண்டு கைகள் நம்மை வணங்கிக்கொண்டே போகின்றன.

கைபம்புக்காரர்

இவரைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். இவர்தான் அதிகாரம். தம்பி தோள்கவசம் கேட்டார். நம் கட்டைக்கூத்திலும் அதுதான் வழக்கம். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது கிரீடமும் புஜகீர்த்தி என்கிற தோளணியும் கண்ணாடிச் சில்லும் சேர்ந்து ஒரு மனிதனை இரண்டு மனிதனாக்கிவிடும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அந்தக் கலையின் மேல் எனக்கு உள்ள மரியாதையால்தான், அதை இங்கே அரைகுறையாக எடுத்து ஒட்ட வேண்டாம் என்றேன். கூத்தில் அந்த மரக்கட்டைகள் ராஜாவுக்கு உரியவை. இந்தப் பெரியவர் ராஜா இல்லை. தண்ணீர் வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

அவருக்குத் தைக்க எதுவுமே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்போடு. ஊரே உப்புப் பூத்த சட்டையோடு நிற்கிற இடத்தில் ஒருவர் மட்டும் துவைத்த துணி உடுத்தி வந்தால் கையில் கத்தி எதற்கு? துவைக்கத் தண்ணீர், கஞ்சிக்கு அரிசி, இஸ்திரிக்குக் கரி, இத்தனையும் செய்து கொடுக்க ஓர் ஆள். எல்லாம் அவரிடம் இருக்கிறது. கரை இல்லாத வேட்டியாகப் பார்த்து எடுத்தோம், எந்தக் கட்சி என்று யாரும் தேடக் கூடாது. துணிக்குப் போடும் நீலம் கிடைக்காத காலம் என்பதால் பளீர் வெள்ளை வேண்டாம் என்று, மிக நீர்த்த டீ டிகாஷனில் ஒருமுறை அலசி, பாலாடை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு தேய்மானம் வைத்தேன்: வலது உள்ளங்கையிலிருந்து சட்டைக் கை முனைக்கு ஏறிய துருக்கறை. பம்பின் பிடியை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே அடிக்கிறார்.

படப்பிடிப்பில் அவர் முதன்முதலாக மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, வேடிக்கை பார்க்க நின்ற ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர், "இவர்தான் தலைவரா?" என்று கேட்டார். அவருக்குக் கதை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மணலில்

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 நவம்பரில் இந்த ஆறு கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் மணலை நம்பி உட்கார மாட்டார்கள்.

தூசிக்கு ஆற்று மணல் பயன்படாது, உதிர்ந்துவிடும், உடம்பையும் உறுத்தும். வெளிநாட்டு உடைக் கலைஞர்கள் பயன்படுத்தும் அதே மண்தான் நம் கடைகளில் முகப்பூச்சாக விற்கும் முல்தானி மட்டி. காலுறையில் போட்டு முடிந்து துணியின் மேல் தட்டினால் சீராகப் படியும். முழங்காலுக்குக் கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. செம்மண் கொஞ்சம் கலந்தால் கிணற்றில் இறங்கி ஏறியவள் நிறம் வரும். ஈரமான வியர்வைக்குக் கிளிசரின், அது வெயிலில் சட்டென்று காயாது.

உப்புத் தடம்தான் தொந்தரவு. நடிப்பவருக்கு நிஜமாகவே வியர்த்துவிடுவதால் அக்குளில் உப்பு கரைந்துபோகும். ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் பின்னும் முதுகையும் இரு கைகளையும் போனில் படம் எடுத்துவைத்து, அதைப் பார்த்து மறுபடி தெளித்தோம். சிறுமி பம்படியில் நனையும் காட்சிக்கு மட்டும் அந்தப் பாவாடைக்கு இன்னொரு படி தேவைப்பட்டது. நனைந்ததும் பச்சைப் பட்டைகளின் வித்தியாசம் மறைந்துவிடும் என்று முன்பே பார்த்திருந்ததால், இரண்டாவது படியில் இடைப்பட்ட துணியை இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக வெளுத்துவைத்திருந்தேன். நனைந்த பிறகும் மூன்று பட்டையும் தனித்தனியாகத் தெரிந்தன.

உடைகள் இப்போது என் கடையில் இருக்கின்றன. தோள் துண்டுக்கு மட்டும் மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் காற்றோட்டமாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். யாராவது இதே மாதிரி செய்யப்போகிறீர்கள் என்றால் காடிக் கரைசலை அதிகமாகவே போட்டுவையுங்கள், வடிகட்டி நிழலில் வைத்தால் பல வாரங்கள் வேலை செய்கிறது.